ஏழாம் லைன் டோக்கனின் சத்தம்

பல்லடம் சாலையில் இருக்கும் எங்கள் பனியன் கம்பெனியில், ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்தேகால் மணிக்கு, எச்.ஆர். அறைக் கம்ப்யூட்டரின் சத்தம் அதன் பெட்டியை விட்டு இறங்கி வெளியே போனது. அதை அனுப்பி வைத்தவள் நான்தான். பிற்பாடு கம்பெனி காகிதத்தில் மெஷின் கோளாறு என்று எழுதினார்கள், ஊரில் சிலர் அம்மன் வந்திருக்கிறாள் என்றார்கள், ஒருவர் சீனாக்காரன் வேலை என்றுகூடச் சொன்னார். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது லினக்ஸ். இலவசமாகக் கிடைப்பது என்பதால் முதலாளிக்கு அது பிடித்திருந்தது, கல்லூரியில் மூன்று வருடம் அதில்தான் படித்தேன் என்பதால் என்னையும் பிடித்திருந்தது. கேன்டீன் வாசலில் சுவரோடு பதித்த ஒரு சின்னத் திரை உண்டு. எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, வேலை செய்கிறவர்கள் குறை சொல்ல ஒரு வழி வேண்டும் என்று நிபந்தனை போட்டதால் வந்தது அது. சோறு, கழிப்பறை, விடுதி, மேலாள், வண்டி என்று ஐந்து படங்கள். ஒன்றைத் தொட்டு வாயால் சொன்னால் போதும், அது எழுத்தாகி எச்.ஆர். அறைக்கு வந்து, கம்ப்யூட்டர் ஒருமுறை ‘டிங்’ என்னும். நாளுக்கு முப்பது நாற்பது டிங். வந்ததைத் திறந்து படிக்க யாரையும் வைக்கவில்லை. மாதக் கடைசியில் எத்தனை வந்தது என்று கணக்கிட்டு, கலர் கலராக ஒரு படம் வரைந்து கொடுப்பதற்கு என்னை வைத்திருந்தார்கள்.

எச்.ஆர். மேனேஜர் சந்திரமௌலி சாருக்குக் காலையில் பக்திப் பாட்டும் மதியம் பழைய சினிமாப் பாட்டும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் ஓட வேண்டும்.

“சுகந்தி, இந்த டிங்கு டிங்குங்கறத கொஞ்சம் கொறைங்கம்மா. மண்டைக்குள்ள ஆணி அடிக்கறாப்புல இருக்குது.”

“மொத்தச் சத்தத்தையும் கொறைச்சரட்டுங்களா சார்?”

“அப்பறம் பாட்டு எப்படிக் கேக்கறது? பாட்டு கேக்கோணும், இது கேக்கக் கூடாது. காலேஜ்ல இதுகூடச் சொல்லித் தரலயா?”

சொல்லித் தந்திருந்தார்கள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பக்கத்தில் பாட்டுக்கு ஒரு கோடு, அறிவிப்புச் சத்தத்துக்கு வேறொரு கோடு, இரண்டையும் தனித்தனியாக ஏற்றி இறக்கலாம். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு வில்லங்கம் இருந்தது: அறிவிப்புக்கான கோடு எப்போதும் திரையில் நிற்காது, சத்தம் கேட்கிற அந்த அரை நொடி மட்டும் தலையைக் காட்டிவிட்டு மறைந்துபோகும். அதைப் பிடித்து இழுக்க வேண்டுமானால் சத்தம் வர வேண்டும். சத்தம் வர யாராவது குறை சொல்ல வேண்டும். நாளெல்லாம் அடித்துக்கொண்டிருந்த சனியன் அன்றைக்கென்று வாயை மூடிக்கொண்டது. டீ நேரம். அறையின் கண்ணாடிக்கு வெளியே ஏழாம் லைனும் அதைத் தாண்டிக் கேன்டீன் வாசலும் தெரியும். அங்கே மாரிக்கனி அக்கா கையில் டம்ளரோடு நின்றிருந்தாள். கதவைத் திறந்து, எனக்கு வருகிற அளவுக்குச் சத்தமாகக் கூப்பிட்டேன்.

“அக்கா, அந்தத் திரையில ஏதாவது ஒண்ண அமுக்கிவிடேன்!”

“என்னத்தட்டி அமுக்க?”

“என்னத்தயாவது. ஒரு குறை சொல்லு.”

“ஒண்ணே ஒண்ணுதானா?” என்று சிரித்துக்கொண்டே கழிப்பறைப் படத்தைத் தொட்டாள்.

இங்கே டோக்கனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் கம்பெனியில் பதினாலு லைன், லைனுக்கு அறுபது பெண்கள், அறுபது பேருக்கு ஒரு டோக்கன். உள்ளங்கை அகல அலுமினிய வட்டம், அதில் லைன் நம்பர் குத்தியிருக்கும், சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் கொக்கியில் தொங்கும். கழிப்பறைக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். நாலு நிமிடத்தில் திரும்பி வந்து மாட்ட வேண்டும். கொக்கி காலியாக இருந்தால் அடுத்தவள் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும். விளாத்திகுளத்துப் பக்கத்திலிருந்து வந்த மாரிக்கனி அக்கா ஏழாம் லைனில் தோள் மூட்டுகிறவள், விடுதியில் என் அறைக்காரி. நான்கு வருடமாகக் காலையில் எழுந்தால் சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகியவள். பங்குனியில் அவளுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்து, மூத்திரத்தில் ரத்தம் போய், அரசு ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். “நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும், மணிக்கு ஒரு தடவை போகணும், அடக்கினா கிட்னி தாங்காது. இன்னொரு தடவை இதே மாதிரி வந்தா என்கிட்ட வந்து அழக் கூடாது” என்று டாக்டரம்மா திட்டி அனுப்பினார். அன்றிலிருந்து அவள் தண்ணீர் குடிக்கிறாள், குடித்துவிட்டுக் கொக்கியையே பார்த்துக்கொண்டு தைக்கிறாள்.

அவள் அன்று திரையிடம் சொன்னது இவ்வளவுதான்: ஏழாம் லைனுக்கு இன்னொரு டோக்கன் வேண்டும்.

டிங் என்றது. கோடு தலையைக் காட்டியது. ஒரே இழுப்பில் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோனேன். இன்னொருமுறை அமுக்கச் சொன்னேன். அதையே மறுபடி சொன்னாள். அறைக்குள் பாட்டு மட்டும் ஓடியது.

“கெட்டிக்காரி” என்றார் சார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அந்த நேரத்தில், ஏழாம் லைன் கொக்கியில் தொங்கிய டோக்கன், யாரும் தொடாமல், தெளிவாக, ‘டிங்’ என்றது.

நடந்தது இவ்வளவே. பெட்டிக்குள் வழி அடைபட்ட சத்தம், எதைப் பற்றிய குறையோ அதிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் காலை, பருப்பில்லாத சாம்பாரைப் பற்றிச் சொன்ன குறைகளெல்லாம் சாம்பார் அண்டாவிலிருந்து அடித்தன, விடுதியில் சுற்றாத மின்விசிறியைப் பற்றிய குறை சுற்றாத மின்விசிறியிலிருந்து அடித்தது, கம்பெனி வண்டியின் கிழிந்த பின் ஸீட்டிலிருந்து அடித்தது, ஏழாம் லைன் சூப்பர்வைசர் கதிர்வேலுவின் வாயைப் பற்றிய குறைகள் அவர் சட்டைப் பையிலிருந்து வரிசையாக அடித்தன. அவர் பையில் கைவிட்டுத் துழாவி, பேனாவை எடுத்துப் பார்த்து, கோவில் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்து, கடைசியில் சட்டையையே கழற்றி உதறினார். பனியனிலிருந்து அடித்தது.

பெண்கள் யாரும் பயப்படவில்லை. ஊசி உடைந்தால் வேறு ஊசி போடுகிற மாதிரி, இதையும் அன்று மதியத்துக்குள் பழகிவிட்டார்கள். ‘இது எங்க லைனு’, ‘இது நேத்து நான் சொன்னது’ என்று பிள்ளையின் அழுகையை அடையாளம் தெரிகிற மாதிரி அவரவர் சத்தத்தை அவரவர் கண்டுகொண்டார்கள். ஒரு காலர் தைக்க மூன்று டிங், ஒரு கை மூட்ட இரண்டு டிங் என்று கைக்கணக்கு வந்துவிட்டது. கதிர்வேலு வாயைத் திறந்து “ஏம்மா, கையில என்ன...” என்று ஆரம்பிக்கும்போதே பை அடிக்க, லைன் முழுக்கக் குனிந்துகொண்டு சிரித்தது. மூன்றே நாளில் அவர் பேச்சு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் பேச்சு மாதிரி அடக்கமாகிவிட்டது. பையின் சத்தமும் அடங்கிவிட்டது.

இது முதல் துப்பு. இரண்டாவது துப்பு கேன்டீனிலிருந்து வந்தது. சமையல்காரப் பொன்னாத்தா அண்டாவைச் சாக்குப்பையால் சுற்றிப் பார்த்தார், அதன் மேல் அம்மிக்கல்லை வைத்துப் பார்த்தார், பிறகு பொறுக்க முடியாமல் ஸ்டோர் சாவியைப் பிடுங்கி, எட்டுப் படி துவரம்பருப்பை அள்ளி உள்ளே கொட்டினார். பருப்பு வெந்ததும் அண்டா மௌனமாகிவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். சந்திரமௌலி சாரும் பார்த்தார்.

“பருப்பு போட்டா சாம்பார் கெட்டியாகுது. கெட்டியான பொருள்ல சத்தம் எழும்பாது. இது பௌதீகம்” என்றார் சார்.

“அப்படீங்களா? அப்ப நாளைக்கும் பௌதீகம் போடறனுங்க” என்றார் பொன்னாத்தா.

கண்ணுக்கு எதிரே விடை கொதித்துக்கொண்டிருந்தது. அதைக் கரண்டியில் எடுத்து ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, கோயம்புத்தூரிலிருந்து ஒரு இன்ஜினியரை வரவழைத்தார்கள்.

அவர் வந்து கறுப்புத் திரையைத் திறந்து, வெள்ளை எழுத்தில் கட்டளை கட்டளையாக அடித்தார். ஒலிக்கான புரோகிராமை நிறுத்தி மறுபடி எழுப்பினார். நான் இழுத்த கோட்டை மேலே ஏற்றினார், கீழே இறக்கினார், பூட்டினார். ஏற்றியபோது புதிதாக வந்த குறைகள் பெட்டியிலும் அடித்தன, வெளியே போனவை போன இடத்திலேயே அடித்தன. வெளியேறியது திரும்பி வரவில்லை. டிங் என்கிற ஒலி இருந்த கோப்பையே தேடிப் பிடித்து அழித்தார். பிறகு லினக்ஸையே வழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஏற்றினார். ஸ்பீக்கரைக் கழற்றினார். கடைசியில் மின்சார ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக ஏழாம் லைனைப் பார்த்தார். டோக்கன் அடித்தது. முதல் நாளைவிடப் பலமாக அடித்தது. குறையைத் திறந்து படிக்காத ஒவ்வொரு நாளுக்கும் அது ஒரு படி ஏறியிருந்தது.

டோக்கனிடம் போய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங் சார், இதுக்குள்ள புளூடூத் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?”

“அலுமினியத் தகடு சார் அது. பொம்பளைங்க பாத்ரூம் போறதுக்கு” என்றார் கதிர்வேலு, பையைக் கையால் பொத்திக்கொண்டு.

இன்ஜினியர் அதைச் சட்டென்று கொக்கியில் விட்டுவிட்டுக் கையை பேன்ட்டில் துடைத்தார். ‘ஒலிச் சாதனம் எதுவும் கண்டறியப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த யோசனை சாருடையது. “சுகந்தி, பெண்டிங்ல இருக்கறதுனாலதான் கத்துது. எல்லாத்தையும் முடிச்சு வெச்சுருங்க.”

“முடிக்கறதுன்னா சார்... என்ன செய்யறது?”

“செய்யறதுக்கு என்னம்மா இருக்குது? நடவடிக்கை எடுக்கப்பட்டதுன்னு போட்டு மூடுங்க.”

சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். நான் எப்போதும் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்காருகிறவள், கல்லூரியில் வருகைப் பதிவின்போது ‘பிரசன்ட் மிஸ்’ சொன்னது கேட்காமல் பாதி நாள் ஆப்சென்ட் ஆனவள். தலையை ஆட்டினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு குறைகளையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று ஒரே தட்டில் மூடினேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டும் இரண்டு மடங்கானது. ஏழாம் லைன் டோக்கன் கொக்கியில் துள்ளியது. கண்ணாடி அதிர்ந்தது. இரண்டு முறை கேட்டும் பதில் சொல்லாதவனிடம் மூன்றாம் முறை எப்படிக் கேட்போமோ அப்படி அடித்தது. அதற்குள் மற்ற லைன்காரிகளும் திரையில் போய் அதையே சொல்லியிருந்தார்கள்; பதினாலு கொக்கியும் அடித்தன.

அப்போதுதான் ஊரும் இதற்குள் வந்தது. எதிரே இருந்த பஞ்சர் கடைக்காரர் முதலில் காதில் பஞ்சு வைத்தார், பிறகு பஞ்சை எடுத்துவிட்டு டிங்குக்கு ஒருமுறை காற்றடித்தார். ரேஷன் கடையில் வரிசை நகர்வதற்கு அதை வைத்துக்கொண்டார்கள். தொடக்கப்பள்ளியில் மணி அடிக்கிற வேலை மிச்சமானது. எங்கள் கம்பெனி நிறுத்தத்துக்கு அரசாங்கம் வைத்த பெயரை மறந்துவிட்டு, டவுன் பஸ் கண்டக்டர்கள் “டோக்கன் ஸ்டாப்பெல்லாம் எறங்கு” என்று கத்த, ஏறுகிறவர்களும் “டோக்கன் ஸ்டாப் ஒண்ணு” என்று டிக்கெட் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஊருக்கு அந்தச் சத்தம் உதவியது. அது என்ன கேட்கிறது என்று கேட்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. கேட்ட ஓரிருவருக்கும் ‘பாத்ரூமுக்காம்’ என்று பதில் கிடைத்ததும், ச்சீ, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் வீட்டில் எல்லாம் அது கிடையாது போலிருக்கிறது.

கம்பெனி என்ன செய்தது? அலுமினியம்தான் ஓசை எழுப்புகிறது என்று முடிவுசெய்து, ரப்பரில் டோக்கன் செய்தது. செருப்புக்கு அடிப்பாகம் வெட்டுகிற ரப்பர் ஷீட்டை வாங்கி வந்து, ஒரு ஆளை நாள் முழுக்க உட்கார வைத்து, வட்ட வட்டமாக வெட்டினார்கள். அவர் சாயங்காலத்துக்குள் முப்பது வட்டம் வெட்டிவிட்டார். பதினாலில் நம்பர் எழுதி மாட்டினார்கள். மிச்சம் பதினாறையும் குப்பைக்கூடையில் போட்டார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு டோக்கன் கேட்டுத்தான் அது அடிக்கிறது என்று கட்டிடத்தில் எல்லோருக்கும் தெரியும். லைனுக்கு ஒன்று கூடுதலாக மாட்டினாலும் மிச்சம் இருந்திருக்கும். குப்பையில் போட்டார்கள்! குப்பைக்கூடையிலிருந்து பதினாறும் அடித்தன. மாட்டிய பதினாலும் வெண்கலம் மாதிரி அடித்தன.

ஞாயிற்றுக்கிழமை விடுதித் தொட்டியில் துணி துவைக்கும்போது மாரிக்கனி அக்கா அடிக்கடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“மறுபடி வலிக்கா அக்கா?”

“லேசா குத்துது. வெள்ளிக்கிழம ரெண்டரை மணி நேரம் கெடைக்கல பாத்துக்க. எங்க லைன் செல்லக்கிளி போயிட்டு வந்தா, அதுக்குள்ள டோக்கன் இன்னொருத்தி கழுத்துல கெடக்கு.”

“தண்ணி குடிச்சியா?”

“குடிச்சாதான போகணும்.”

எனக்கு அழுகை வந்தது. “நான்தானக்கா கொறச்சேன். நான் அந்தக் கோட்ட இழுக்காம இருந்திருந்தா...”

“இழுக்காம இருந்தா?” பாவாடையை முறுக்கிப் பிழிந்தாள். “அந்த ரூம்புக்குள்ள அடிச்சிருக்கும். அந்தாளு பாட்டுக் கேட்டுகிட்டு இருந்திருப்பாரு. இப்பவாது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குல்லா? நீ கொறச்சதுதாம்ட்டி நல்லது. மூக்க உறிஞ்சாம அந்த வாளியத் தள்ளு.”

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஆடிட்.

வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். ஆடிட் நாளில் எங்களுக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. அன்று காலை கழிப்பறையில் சோப்பு முளைக்கும், முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சு வரும், பதினாலு டோக்கன்களும் கொக்கியை விட்டு இறங்கி எச்.ஆர். அறை இரும்பு பீரோவுக்குள் போய்விடும். எங்களிடம் டோக்கன் என்று ஒன்று கிடையவே கிடையாது, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று எழுதிய அட்டை சுவரில் தொங்கும். அதே காலையில் சூப்பர்வைசர்கள் லைன் லைனாக வந்து, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை ஒருத்தியும் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போவார்கள், ஆள் இல்லாத மிஷின் பார்க்க நன்றாக இருக்காது என்பதால்.

இந்த வருடம் பீரோ அடித்தது. ரப்பர் டோக்கன்களைத் துண்டில் சுற்றி, துண்டை அட்டைப்பெட்டியில் வைத்து, அதைச் சுற்றிப் பழைய பைல்களை அடைத்துப் பூட்டியிருந்தார் சார். பீரோவின் கதவு ஒவ்வொரு அடிக்கும் புடைத்துப் புடைத்து அடங்கியது. நரைத்த குட்டை முடி வைத்த ஒரு வெள்ளைக்கார அம்மாவும், தமிழ் தெரிந்த பெங்களூர்க்காரர் ஒருவரும் வந்து உட்கார்ந்தார்கள். அந்த அம்மா தேநீரை எடுத்தார், அதிர்வில் தேநீர் சாஸரில் சிந்தியது, கீழே வைத்துவிட்டார். அது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“கம்ப்யூட்டர் நோட்டிபிகேஷன் சவுண்டுங்க மேடம். வால்யூம்ல ஒரு சின்னப் பிரச்சனை” என்று சார் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “எங்க ஐ.டி. பொண்ணு விளக்கமாச் சொல்லும். சொல்லும்மா.”

முந்தின நாளே சொல்லிக் கொடுத்திருந்தார். லினக்ஸில் இது சகஜம், அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும். இரண்டு வாக்கியம். எழுந்து நின்றேன். அந்த அம்மாவின் தோளுக்கு மேலே கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏழாம் லைன். மாரிக்கனி அக்கா பச்சைத் துப்பட்டாவை வாயில் கடித்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தோளை மூட்டிவிட்டு, அடுத்ததை எடுக்காமல், மிஷின் தலைமேல் நெற்றியை வைத்தாள். இரண்டு முழங்கால்களும் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன. மணி பதினொன்று ஐந்து. காலை எட்டரையிலிருந்து அவள் எழுந்திருக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டுக்கு இன்னும் ஐம்பத்தைந்து நிமிடம். டாக்டரம்மா சொன்ன இன்னொரு தடவை என்பது எனக்கு முன்னால், பன்னிரண்டு அடி தூரத்தில், நெற்றியை மிஷினில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வாயைத் திறந்தேன். எனக்கே கேட்காத குரலில் ஏதோ சொன்னேன். பீரோ அதை விழுங்கியது.

“சவுண்டாச் சொல்லும்மா” என்றார் சார் சிரித்த முகத்தோடு. “பொண்ணுக்குக் கொஞ்சம் கூச்சம் மேடம். பயப்படாம நல்லா சவுண்டாச் சொல்லு.”

இரண்டு அடிகளுக்கு நடுவில் ஒரு இடைவெளி இருந்தது. அதற்குள் சொன்னேன். தேர்வுத்தாளில் மட்டும் எழுதி, வாயால் ஒருமுறைகூடப் பேசிப் பார்த்திராத ஆங்கிலத்தில் சொன்னேன். இலக்கணமெல்லாம் எப்படி இருந்ததோ தெரியாது.

“இது கம்ப்யூட்டர் இல்லை. அந்த பீரோவுக்குள் பதினாலு டோக்கன் இருக்கிறது. அறுபது பேருக்கு ஒரு டோக்கன், கழிப்பறைக்குப் போக. நீங்கள் வருகிறீர்கள் என்று ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதோ, அந்தப் பச்சைத் துப்பட்டாக்காரிக்கு இப்போது போக வேண்டும். அவளுக்குக் கிட்னி சரியில்லை. நீங்கள் போகிற வரை எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.”

சாரின் சிரிப்பு முகத்தில் அப்படியே மாட்டிக்கொண்டிருந்தது, இறக்கி வைக்க மறந்த பண்டிகைத் தோரணம் மாதிரி. பெங்களூர்க்காரர் தன் நோட்டைப் பார்த்தார். அந்த அம்மா நாற்காலியோடு கண்ணாடிப் பக்கம் திரும்பினார்.

மாரிக்கனி அக்காவுக்கு இந்த அறையில் பேசியது எதுவும் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் ஆங்கிலம் புரியாது. அவள் எழுந்தது அவளுக்கு முடியாததால்தான். எழுந்ததும் அவள் கை நான்கு வருடப் பழக்கத்தில் தானாகக் கொக்கிக்குப் போய், காலிக் கொக்கியைத் தடவி, கீழே விழுந்தது. கதிர்வேலு ஓடி வந்து குறுக்கே நின்று, “ஏம்மா, காலைல என்ன சொன்னேன்?” என்றார், எங்களுக்குக் கண்ணாடியில் வாயசைவுதான் தெரிந்தது. அவர் தற்செயலாக நிமிர்ந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் நான்கு முகங்கள் தெரிந்தன. மெல்ல ஒதுங்கினார். அவள் ஓடவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, லைன் முழுவதும் பார்க்க, நடந்து போனாள்.

பீரோவுக்குள் ஒரு குரல் குறைந்தது. பதினாலு சேர்ந்து அடித்ததை மூன்று வாரமாகக் கேட்ட காதுக்கு, பதின்மூன்று என்பது உடனே தெரிந்துவிடும். ஏழாம் லைனில் செல்லக்கிளி எழுந்தாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பேர் எழுந்தார்கள். எட்டாம் லைன் அதைப் பார்த்து எழுந்தது, ஒன்பது எழுந்தது, மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன, விசில் ஊதிய சூப்பர்வைசர்களைச் சுற்றிக்கொண்டு பெண்கள் போனார்கள். பீரோ பன்னிரண்டானது, எட்டானது, மூன்றானது, புடைப்பதை நிறுத்தி வெறும் பீரோவானது.

“நாளையிலிருந்து நீ வர வேண்டாம்” என்றார் சார் என்னிடம், தமிழில், தாழ்ந்த குரலில். அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் ஒரு எழுத்துகூடத் தப்பாமல் கேட்டது.

“சரிங்க சார்” என்றேன். அதுவும் நன்றாகக் கேட்டது.

கதவைத் திறந்து வெளியே வந்தேன். கழிப்பறை வாசலிலிருந்து புறப்பட்ட வரிசை கேன்டீனைச் சுற்றி, பார்சல் கட்டுகிற இடத்தைத் தாண்டி, கேட் வரைக்கும் போயிருந்தது. எண்ணூற்றுச் சொச்சம் பேருக்கு உள்ளே ஆறு கதவு. மாரிக்கனி அக்கா போய் ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. வரிசையின் முன்னால் நின்ற செல்லக்கிளி கதவைப் படபடவென்று தட்டினாள்.

“ஏ மாரிக்கனி, குடியிருக்கவா போயிருக்க? நாங்கள்லாம் நிக்கது தெரியலயா? வெளிய வாட்டி!”

“வந்தாத்தான வருவேன்! நாலு வருசத்துக்குச் சேத்துல்லா போயிட்டிருக்கேன்!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வரிசை கேட் வரைக்கும் சிரித்தது.